ஓட்டமும் ஒரு டம்ளர் தண்ணீரும்



2012-ல், ரிடையரான அடுத்த வருஷம், ஹைதராபாத் ஹுசேன்சாகர் ஓரமாக 10 கிலோமீட்டர் ஓடினேன். "இந்த வயசில் எதற்கு?" என்று கேட்ட உறவினர்களிடமெல்லாம் ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். நல்கொண்டா ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் சுத்திகரிப்பு யந்திரம் வாங்கித் தருவதாக ஏற்பாடு.

அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் கறை படியும். இன்னும் மிகுந்து, பல வருஷம் குடித்தால் எலும்பே வளைந்துவிடும். பார்வைக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். காய்ச்சினாலும் ஃப்ளூரைடு போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

ஏழாவது கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு பையன் தண்ணீர் நீட்டினான். பாதி குடித்துவிட்டு, எல்லோரையும் போல மீதியைக் கொட்டப் போனேன். மனசு வரவில்லை. நின்று முழுவதையும் குடித்துவிட்டு, நடந்தே முடித்தேன்.

யந்திரம் வந்தது. இரண்டு வருஷம் கழித்துப் போனால் பூட்டிக் கிடந்தது. மெம்பிரேன் மாற்றப் பணமில்லை. குழந்தைகள் பழைய போர்வெல் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செலவுக்கு நாங்கள் கணக்கே போடவில்லை. தவறு எங்களுடையது. மறுபடி வசூலித்து மாற்றினோம்.

ஸ்ரீராமநவமி நீர்மோர் ஒரு நாள் தர்மம். குடிநீர் தினசரி தர்மம். உங்கள் ஊரில் யாராவது ஓடப்போவதாக வந்தால் தாராளமாகக் கொடுங்கள். கூடவே, "அடுத்த வருஷச் செலவுக்கு என்ன வழி?" என்றும் கேளுங்கள்.