காட்டுவழிக்குத் துணையாகும் படமும் கருவியும்

திசையறியாது கலங்குபவனைக் "கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல" என்று கூறுவது தமிழ் வழக்கு. காட்டில் வழிதப்பியவனுக்குக் கண்ணைக் கட்ட வேண்டியதுமில்லை. கண் திறந்திருக்கவே அவன் வட்டமிட்டு நடக்கின்றான். ஜேர்மனியிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள், காட்டினூடே நேராக நடக்குமாறு சிலரைப் பணித்துக் கண்ட முடிவை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஞாயிறு தெரிந்த வேளையில் நடந்தோர் நேர்வழியே சென்றனர். முகில் மூடிய வேளையில் நடந்தோர், நேராகவே செல்வதாக நம்பிக்கொண்டு, தாம் கடந்த வழியையே மீண்டும் குறுக்கே கடந்தனர்.

முன்னாளில் வன்னிக் காட்டுக்கு வேட்டையின் பொருட்டுச் சென்றோர் பலர். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இலங்கையில் வேட்டையைப் பெரிதும் கட்டுப்படுத்திவிட்டன. ஆயினும் தேன் எடுப்போர், தொலைந்த மாட்டைத் தேடுவோர், பறவைகளையும் மரங்களையும் ஆராய்வோர் எனக் காட்டுக்குட் செல்வோர் இன்றும் உளர். வேட்டைக்காரனுக்கு வேண்டியிருந்த வழியறிவு இவர்கள் அனைவர்க்கும் வேண்டும்.

முதலில் வேண்டுவது தக்கதொரு தேசப்படம். முழுத்தீவையும் ஒரே தாளில் அடக்கிய வீதிப்படம் வண்டியோட்டிக்கு உதவும். காட்டில் நடப்பவனுக்கு உதவாது. ஐந்து இலட்சத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் ஒரு சென்ரிமீற்றர் ஐந்து கிலோமீற்றரைக் குறிக்கும். பற்றைக்காட்டில் அரைநாள் நடையெல்லாம் அப்படத்தில் ஒரு விரல் நுனிக்குள் மறைந்துவிடும். நிலவளவைத் திணைக்களம் வெளியிட்ட இடவிளக்கப்படங்களே இதற்கு உரியவை. ஓர் அங்குலம் ஒரு மைலைக் காட்டும் பழைய படங்கள் 72 தாள்களாக இத்தீவை அடக்கின. பின்னர் வந்த ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் படங்களில் இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றராகும். நடந்து செல்பவனுக்கு இவ்வளவே போதுமானது. இதனினும் பெரிய அளவிற் படம் வேண்டுமெனின், ஒருநாட் பயணத்துக்கே பல தாள்களைச் சுமக்க நேரிடும்.

படத்தை வாங்குபவன் முதலில் அது அளக்கப்பட்ட ஆண்டைப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகட்கு முன் மாட்டுவண்டி ஓடிய தடம் இன்று முள்ளும் கொடியும் மூடிக் கிடக்கலாம். தூர்ந்த குளமென்று குறிக்கப்பட்டது திருத்தப்பட்டு நீர் நிரம்பியிருக்கலாம். ஆதலாற் பழைய படத்தை ஊரவரிடம் காட்டி வினவுதல் நன்று. வன்னியில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2009இற் போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடைபெற்று வந்துள்ளது. எந்த நிலம் துப்புரவு செய்யப்பட்டது, எதில் எச்சரிக்கைப் பலகை நிற்கின்றது என்பவற்றைப் பழைய படம் சொல்லாது. கிராம அலுவலரும் ஊர் மக்களுமே சொல்வர்.

மலைநாட்டிற் படத்தைப் படிப்பவனுக்குச் சமவுயரக்கோடுகள் பெருந்துணை. வன்னியோ தட்டையான நிலம். அங்கு அக்கோடுகள் அதிகம் பேசமாட்டா. குளம், அணைக்கட்டு, ஆறு, வண்டித்தடம் என்பனவே அங்கு அடையாளங்கள். கோடையில் நீல நிறக் குளம் வெறும் புல்வெளியாகக் கிடக்கும். ஆனால் அதன் அணைக்கட்டு மறைந்துபோகாது. அணைக்கட்டைக் கண்டவன் குளம் எப்பக்கம், வயல் எப்பக்கம் என்பதை அறிவான். வயலை அறிந்தவன் ஊருக்குச் செல்லும் வழியையும் அறிவான்.

ஆறுகள் ஓடும் திசையையும் மனத்திற் பதித்தல் வேண்டும். கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுவை நிரப்புகின்றது. பாலியாறும் பறங்கியாறும் மேற்குக் கடலை நாடுவன. மல்வத்து ஓயா எனப்படும் அருவியாறு வடமேற்காக ஓடி அரிப்புக்கு அருகே கடலிற் கலக்கின்றது. 1660இற் கண்டியரசிற் சிறைப்பட்ட இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679இல் நண்பர் ஒருவருடன் தப்பியோடியபோது, இந்த ஆற்றைப் பின்தொடர்ந்தே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அதற்கு முன்னர் பல ஆண்டுகள் சிறுபொருள் விற்பவராக வடக்கே சென்று சென்று வழியை விசாரித்து வைத்திருந்தார் என்பதை மறத்தலாகாது. வழியறிவு வழிதப்பிய பின்னர்த் தேடுவதன்று.

அடுத்தது திசைகாட்டி. இங்கே வாங்குவோர் பலர் அறியாத ஒன்றுண்டு. ஐரோப்பாவிற் காந்த ஊசியின் வடமுனை நிலத்தை நோக்கிச் சரியும். அதனைச் சமப்படுத்த அந்நாட்டார் ஊசியின் தென்முனையிற் சிறு பாரம் சேர்ப்பர். இலங்கையோ காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ளது; இங்கு ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். ஆகவே ஐரோப்பாவுக்கெனச் செய்த திசைகாட்டியில் இங்கே தென்முனை தாழ்ந்து, ஊசி அடித்தட்டில் உராய்ந்து தடைப்படலாம். வாங்குமுன் அதனைக் கிடையாகப் பிடித்து, ஊசி தடையின்றிச் சுழல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். காந்த வடக்கு இங்கு உண்மை வடக்கினின்றும் இரண்டு பாகை அளவே மேற்கே விலகியிருப்பதால், சிறுநடைக்கு அதனாற் பெரும்பிழை நேராது. கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 35 மீற்றரே விலகும். துவக்கு, கத்தி, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்கு அருகில் திசைகாட்டியை வைத்துப் பார்ப்பதால் வரும் பிழை இதனினும் பன்மடங்காகலாம்.

திசைகாட்டியைப் பயன்படுத்தும் முறையும் எளிதே. மாங்குளத்துக்குத் தெற்கே கண்டி வீதியில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, ஒருவர் கிழக்கே காட்டினுட் செல்கின்றார் என்க. எங்கே வழிதப்பினாலும் மேற்கு நோக்கி நடந்தால் வீதியை அடைவார். ஆனால் வண்டி நின்ற இடத்துக்கே நேராக வர முயன்றால், வீதியை அடைந்தபின் வண்டி வலப்புறமா இடப்புறமா என்று திகைப்பார். வேண்டுமென்றே சிறிது வடக்கே சாய்ந்து வந்தாராயின், வீதியில் ஏறியதும் ஐயமின்றி இடப்புறம் திரும்பலாம்.

கருவி கைவிட்டபோது வானம் துணையாகும். ஆனால் பிறநாட்டு நூல்கள் கூறும் முறைகள் எல்லாம் இங்குப் பொருந்தா. நண்பகல் நிழல் வடக்கே விழும் என்பது அவர்தம் விதி. வன்னியில் ஏப்ரில் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் ஞாயிறு உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். துருவ மீனோ வவுனியாவில் அடிவானுக்கு மேல் ஒன்பது பாகையளவே உயர்ந்திருக்கும். மரச்செறிவில் அதனைக் காண்பது அரிது. மிருகசீரிடத்துக்குத் தெற்கே ஓரொழுங்கில் நிற்கும் மூன்று விண்மீன்கள் ஏறத்தாழ நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறைவன. இந்நாட்டுக்கு இவை நம்பத்தகுந்தவை.

செய்ம்மதியின் உதவியால் இருப்பிடம் காட்டும் கருவி இன்று கைத்தொலைபேசியிலேயே உண்டு. தொலைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் அது இயங்கும். ஆனால் படத்தை முன்னரே கருவியிற் சேமித்திருத்தல் வேண்டும். பற்றரி தீர்ந்தால் அதன் அறிவும் தீர்ந்துவிடும். அடர்ந்த இலைக்கூரையின்கீழ் அது தடுமாறுதலும் உண்டு. மேலும் பழைய இலங்கைப் படங்களின் அளவை அடிப்படை வேறு, இக்கருவியின் அடிப்படை வேறு. கருவி தரும் எண்களைத் திருத்தாது பழைய படத்திற் குறித்தால், இடம் நூறு மீற்றருக்கும் மேலாக விலகக்கூடும்.

படம் சட்டத்துக்கும் துணையாகும். வில்பத்து 1938இலேயே தேசிய பூங்காவாக்கப்பட்டது. அத்தகைய இடங்களின் எல்லையைக் காட்டில் வேலி எங்கும் காட்டிநிற்பதில்லை. எல்லையை அறியாது புகுந்தேன் என்பது ஏற்கத்தக்க விடையாகாது. செல்லுமுன் எல்லையைப் படத்திற் சிவப்பு மையாற் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வளவும் கைக்கொண்டவனுக்கும் இறுதியாக ஒரு கடமை உண்டு. தான் செல்லும் வழியைத் தாளில் வரைந்து, மீளும் நேரத்தையும் எழுதி, வீட்டாரிடம் கொடுத்துச் செல்லல் வேண்டும். வழிதப்பியதை உணர்ந்தவுடன் அவன் நிழலில் அமர்ந்து, நீரைச் சிறுகச் சிறுகப் பருகி, படத்தை விரித்து எண்ணிப் பார்க்க வேண்டும். கோடைக்காட்டில் அஞ்சி ஓடுபவனை முதலில் வருத்துவது தாகமே. அமர்ந்திருப்பவனைத் தேடி வருவோர்க்கோ, அவன் வீட்டில் விட்டுச்சென்ற தாளே வழிகாட்டும்.