வான் விளிம்பைத் தொட்ட இளங்கைகள்

(மாணவர் அறிவியல் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

    

ஞாலம் உருண்டை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். சொல்வது வேறு; காண்பது வேறு. அவ்வுருண்டையின் வளைவைக் கண்ணாரக் கண்டவர் எத்துணைப் பேர்? விண்கலம் ஏறிய சில நூற்றுவர். மிக உயரப் பறக்கும் போர் வானூர்திகளைச் செலுத்தியோர் சிலர். அவர்க்குப் பின்னே வல்லரசுகளின் கருவூலங்கள் நின்றன. எனவே, அக்காட்சி செல்வர்க்கும் வல்லரசுகட்குமே உரியது என்னும் எண்ணம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணத்தைப் பள்ளி மாணவர் நால்வர் ஒரே நாளில் தகர்த்த செய்தியே இன்றைய உரையின் பொருள்.

எசுப்பானிய அரசின் கீழுள்ள கட்டலோனியா நாட்டில் இலா பிசுபல் என்றொரு சிற்றூர் உண்டு. மட்கலத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூர் இடைநிலைப் பள்ளியில் பயின்ற பதினெட்டு, பத்தொன்பது அகவை இளைஞர் நால்வர், தம் ஆசிரியர் துணையுடன் 2009ஆம் ஆண்டு பிப்பிரவரி 28ஆம் நாள் ஓர் ஊதுபையை வானில் விடுத்தனர். பலூன் என்று பலரும் வழங்குகின்றார்களே, அதுதான். வானிலையாளர் நாள்தோறும் விடுக்கும் மென்னிரப்பர் ஊதுபையே அது. அதன் கீழே ஒரு வான்குடை. வான்குடையின் கீழே ஒரு சிறு பெட்டி. பெட்டிக்குள் கடையில் வாங்கிய ஓர் எளிய ஒளிப்படக் கருவி. அதனுடன் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்க மாணவர் தாமே இணைத்துப் பொருத்திய மின்னணுக் கருவிகள். அந்த ஊதுபை முப்பதாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிற்று. பெட்டி மீண்டும் கைக்கு வந்தபோது, கரிய வானும், அதன் கீழே நீல ஒளிக்கோடாய் வளைந்த ஞாலத்தின் விளிம்பும் படங்களாய் அதனுள் இருந்தன.

ஈதென்ன மாயமா? இல்லை, எட்டாம் வகுப்பு இயற்பியல்! ஈலியம் என்னும் வளி காற்றினும் மிக இலேசானது. ஒரு கன மீட்டர் ஈலியம் தரையருகே ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும். இரண்டு மீட்டர் குறுக்களவுடைய பை நான்கு கன மீட்டர் வளி கொள்ளும். அஃது ஏறத்தாழ நான்கு கிலோ எடையைத் தூக்கும். பையின் எடையும் பெட்டியின் எடையும் கழிய எஞ்சும் தூக்காற்றலே அதனை நொடிக்கு ஐந்து மீட்டர் அளவில் மேலேற்றுகின்றது. அவ்விரைவில் முப்பது கிலோமீட்டரை எட்ட நூறு மணித்துளிகள் போதும்.

மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். முப்பது கிலோமீட்டர் உயரத்தில் அது தரையிலுள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. வெளியே நெருக்குதல் குறைய, உள்ளேயுள்ள வளி விரிகின்றது. இரண்டு மீட்டர் குறுக்களவுடன் புறப்பட்ட பை எட்டு மீட்டராய் விரிந்து ஒரு வீட்டினும் பெரிதாகும். இனி விரிய இடமில்லை என்னும் நிலையில் வெடிக்கும். அவ்வெடிப்பே அதன் பயணத்தின் உச்சி. பின்னர் வீழ்ச்சி. அங்கே காற்று மிக மெலிந்திருத்தலின் வான்குடையும் தொடக்கத்தில் பயன்தராது. பெட்டி கல்லைப் போல் விழும். கீழே இறங்க இறங்கக் காற்று அடர்ந்து, குடை விரைவை அடக்கித் தரையில் மெல்ல இறக்கும்.

அவ்வுயரத்தில் வான் கருத்திருப்பதும் கற்கத்தக்கது. பகல் வானுக்கு நீலநிறம் தருவது காற்று. கதிரவன் ஒளியின் நீலப் பகுதியைச் சிதறடிப்பது அதுவே. முப்பது கிலோமீட்டருக்கு மேலே ஏறியவனுக்குக் காற்றின் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் காலடியில் கிடக்கும். சிதறடிக்கப் பொருளில்லாத இடத்தில் நண்பகலும் இரவாகத் தோன்றும். உயிர்களையெல்லாம் காக்கும் காற்றுப் போர்வை எத்துணை மெல்லியது என்பதை அந்த ஒளிப்படத்தின் நீலக்கோடு ஒரு நொடியில் உணர்த்திவிடும்.

அதே ஆண்டு செப்தம்பரில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு மாநிலத்தில், புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியொன்றின் மாணவர் இதே செயலை இன்னும் எளிமையாகச் செய்தனர். செலவு 150 தாலர் அளவே. குடிப்புவகைகளைக் குளிராக வைக்கும் வெண்ணுரைப் பெட்டி ஒன்று. பழைய சிறு ஒளிப்படக் கருவி ஒன்று. இடங்காட்டும் மலிவான கைப்பேசி ஒன்று. மேலே குளிர் சுழியத்திற்குக் கீழே ஐம்பது பாகையைத் தாண்டும். அக்குளிரில் மின்கலம் உறங்கிவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி என்ன? பனிக்காலத்தில் மக்கள் கைகளைச் சூடாக்கிக்கொள்ளும் வெப்பப் பொட்டலங்களைப் பெட்டிக்குள் வைத்தனர்! ஐந்து நொடிக்கு ஒரு படம் எடுக்குமாறு கருவியை அமைத்தனர். ஏறத்தாழ இருபத்தெட்டு கிலோமீட்டர் உயரம் சென்று மீண்டது அப்பெட்டி.

இம்முயற்சியில் பெருந்துன்பம் ஏற்றத்தில் இல்லை, தேடலில் உள்ளது. கைப்பேசி உயரத்தில் ஊமையாகிவிடும். தரைக்கு அருகில் வந்த பின்னரே பேசும். ஏவுகணைகட்குப் பயன்பட்டுவிடக் கூடாதென்று இடங்காட்டிக் கருவிகள் பலவற்றைப் பதினெட்டு கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் இயங்காதவாறு அமைத்துள்ளனர். எனவே, பெட்டி எங்கே உள்ளது என்றே தெரியாமல் மாணவர் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். காடோ, கடலோ, ஏரியோ, எவர் வீட்டுக் கூரையோ, எங்கு விழும் என்பதைக் காற்றின் போக்கைக் கணித்தே முன்னறிதல் வேண்டும். கணக்குத் தவறினால் பல திங்கள் உழைப்பு ஒரே நாளில் காணாமற் போகும். இது விளையாட்டன்று, தேர்வுத்தாளில் எவரும் வைக்காத தேர்வு!

வானூர்திகள் செல்லும் வழியில் பொருளொன்றை விடுப்பது பொறுப்புள்ள செயல். வானூர்தித் துறையின் இசைவு பெறாமல் எந்நாட்டிலும் இதனைச் செய்தல் தகாது. பெட்டியின் எடை குறைவாக இருத்தலும், வான்குடை பழுதின்றி இருத்தலும் இன்றியமையாதன. துணிவும் ஒழுங்கும் சேர்ந்ததே அறிவியல்.

இவ்வூதுபைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1783 ஆகசுட்டு 27ஆம் நாள் பாரிசு நகரில் சார்லசு என்னும் அறிஞர் நீரகவளி நிரப்பிய பையை வானேற்றினார். அது கோனேசு என்னும் சிற்றூரில் விழுந்தது. அவ்வூர் மக்கள் அதனை ஏதோ பேய் விலங்கென அஞ்சிக் கவைக்கோல்களால் குத்திக் கிழித்தனர். அறியாமை முதலில் அஞ்சும்; பின்னர் அழிக்கும். 1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெசுரென் தெ போர், ஆளில்லா ஊதுபைகளைக் கொண்டு, பதினொரு கிலோமீட்டருக்கு மேல் வெப்பம் குறையாமல் நிற்கும் அடுக்கு ஒன்று உண்டெனக் காட்டினார். செருமானிய அறிஞர் அசுமான் இரப்பர் பைகளைக் கொண்டு அதே உண்மையை அதே ஆண்டில் நிறுவினார். 1935 நவம்பர் 11ஆம் நாள் அமெரிக்கர் இருவர் ஊதுபையில் 22,066 மீட்டர் உயரம் ஏறி, ஞாலத்தின் வளைவைக் காட்டும் ஒளிப்படம் எடுத்தனர். அதற்கு ஒரு நாட்டுப் படையின் துணை வேண்டியிருந்தது. எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குள் அதே காட்சி பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்டிவிட்டது!

ஈலியத்தின் பிறப்புக் கதையில் தென்னாட்டு மண்ணிற்கும் பங்குண்டு. 1868 ஆகசுட்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கதிரவன் மறைப்பை ஆராய, பிரெஞ்சு அறிஞர் சான்சென் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் நின்றார். கதிரவனின் தீநாக்குகளை ஒளிப்பிரிகைக் கருவியால் நோக்கும் முறை அங்கே வளம்பெற்றது. அவ்வாண்டுக் கதிரவன் ஆய்வுகளில் தென்பட்ட ஒரு மஞ்சள் வரியே, ஞாலத்தில் அதுவரை அறியப்படாத தனிமம் ஒன்றுண்டெனக் காட்டிற்று. கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். கதிரவனில் முதலிற் கண்ட வளியே இன்று மாணவர் பெட்டியை வான் விளிம்புக்குத் தூக்குகின்றது.

இறுதியாக, இலா பிசுபல் ஊர்ப் பிள்ளைகளை மீண்டும் எண்ணுக. அவர்தம் தாய்மொழி கட்டலான். பிராங்கோவின் கொடுங்கோலாட்சியில், 1939 முதல் 1975 வரை, அம்மொழி பள்ளிகளினின்று துரத்தப்பட்டிருந்தது. உழவுக்கும் சமையலுக்கும் போதும், உயர் அறிவிற்கு உதவாது என்று பழிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பள்ளிகளில் மீண்டும் அரியணை ஏற்றிற்று. அச்சட்டத்திற்குப் பின் பிறந்த தலைமுறையே 2009இல் வான் விளிம்பைத் தொட்டது. தாய்மொழி அவர்கள் காலைக் கட்டவில்லை, தோளை உயர்த்திற்று. அழுத்தத்தையும் அடர்த்தியையும் தாய் சொன்ன சொல்லில் புரிந்துகொண்ட பிள்ளை, அவற்றை வாயால் ஒப்பிப்பதோடு நில்லாது. கையால் செய்து பார்க்கும்.

மாணவச் செல்வங்களே! பெட்டி சிறிது, செலவு சிறிது, வேண்டுவது பொறுமையும் கூட்டுழைப்புமே. ஒருவன் கணக்கிடட்டும், ஒருத்தி மின்னிணைப்புச் செய்யட்டும், ஒருவன் காற்றின் திசை அறியட்டும், அனைவரும் சேர்ந்து தேடட்டும். காணாமற் போன பெட்டிக்காகக் கலங்காதீர். அடுத்த பெட்டியைக் கட்டுங்கள். கற்றதைத் தமிழில் எழுதுங்கள். தம்பியர்க்கும் தங்கையர்க்கும் தமிழிலேயே சொல்லுங்கள். பிறர் எடுத்த படத்தைப் பார்த்து வியக்கும் நிலை மாறட்டும்! தமிழ்ப் பிள்ளைகள் எடுத்த படத்தை உலகம் பார்க்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!