பழைய மனையும் புதிய வீடும்

சென்னையில் நான் வாழும் தியாகராய நகர் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்றால், இன்றைய இளைஞர்கள் எளிதில் நம்புவதில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த ஏரியின் நீரை வடித்து, 1920-களில் இந்நகர் அமைக்கப்பெற்றது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கும் இடப்பெற்றன. ஏரி அன்று வீடுகளாயிற்று; வீடுகள் இன்று அடுக்ககங்களாகின்றன. ஆகவே, மாறுதல் எங்களுக்குப் புதிதன்று. மாறும்போது எதைக் காப்பது, எதை விடுவது என்பதே வினா.

பழைய வீடுகளின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். முன்னே தாழ்வாரம், பின்கட்டில் கிணறு, அதனருகே ஒரு மாமரம், இரண்டு தென்னை. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த மட்டப்பா. கோடையிலும் கூடம் குளிர்ந்திருக்கும்.

இத்தகைய வீடுகளை ஏன் இடிக்கின்றனர்? பேராசைதான் காரணம் என்று பலர் கூறுகின்றனர். அது முழு உண்மையன்று. ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. முன்பு அதில் பொதுவாக ஒன்றரை மடங்கு தளப்பரப்பே கட்ட இயலும். 2019-ஆம் ஆண்டு விதிகள் அதனை இருமடங்காக்கின. 4,800 சதுர அடி கட்டலாம். இது ஒரு காரணம்.

மற்றொன்று நீதியைச் சார்ந்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்களித்தது. ஆயினும், குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை மகள் பாகம் கேட்கலாகாது என்று அதன் 23-ஆம் பிரிவு தடுத்தது. 2005-இல்தான் அப்பிரிவு நீக்கப்பெற்றது.

என் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டிற்கு நாங்கள் ஐவர் உரிமையாளர். அவர்களுள் மூவர் பெண்கள். கணவரை இழந்து வாடகை வீட்டில் வாழும் என் தங்கை தன் பங்கைக் கேட்கும்போது, "உத்தரம் தேக்காயிற்றே, கூடம் குளிர்ச்சியாயிற்றே" என்று விடையிறுத்தல் முறையாகுமா? ஒரு வீட்டை ஐந்தாக அறுக்க இயலாது; அடுக்ககமாக்கினால் ஐவருக்கும் குடியிருப்புக் கிடைக்கும். ஆதலின், எங்கள் வீட்டை இடிக்க நானும் இசைந்துள்ளேன்.

ஆனால், ஒரு நிபந்தனை விதித்திருக்கிறேன். கிணற்றைத் தூர்க்கலாகாது. அவ்விடத்தில் இரண்டு கார்கள் நிற்கலாமே என்கிறார் கட்டட ஒப்பந்தக்காரர். கார் நிற்க வேறிடம் தேடலாம். நீர் நிற்க வேறிடம் ஏது? 2015-இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019-இல் ஏரிகள் வற்றிக் குடங்களோடு தெருவில் நின்றோம். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பெற்றது. மாடியில் விழும் மழையை வடிகட்டிப் பழைய கிணற்றில் விட்டால், நிலத்தடிக்கு நீர் செல்ல அதைவிட ஏற்ற வழி யாது?

மனையை ஒப்பந்தத்திற்குக் கொடுக்கும் அன்பர்களிடம் நான் வேண்டுவன மூன்று. கிணற்றையும் எல்லையோர மரத்தையும் வரைபடத்திலேயே குறிக்கச் செய்யுங்கள். பழைய கதவையும் உத்தரத்தையும் விற்றுவிடாமல், புதிய வாயிலில் முதியோர் அமர ஒரு நீண்ட இருக்கையாகவேனும் அமையுங்கள். இடிப்பதற்கு முன் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, ஒவ்வோர் அறையையும் அளந்து படம் வரையச் செய்யுங்கள். பரப்பளவுக் கணக்குக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பாட்டனார் வாழ்ந்த முறையும் அதனுள் அடங்கும்.

இவற்றைக் கையொப்பமிடுவதற்கு முன் கேளுங்கள். கடப்பாரை விழுந்த பின் கேட்டுப் பயனில்லை.