மருந்துக்குப் பூட்டு

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



'காப்புரிமை' என்றதும், அது வக்கீல்கள் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் தாயாருக்கு நாளை எழுதிக் கொடுக்கப்படும் மாத்திரையின் விலை அந்தக் காப்புரிமைக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது.

வணிகர்களுக்குப் புரியும்படியே சொல்கிறேன். ஒரு சந்தையில் அரிசி விற்கும் உரிமையை ஒரே ஆளுக்கு 20 ஆண்டு குத்தகைக்கு விட்டால் என்ன ஆகும்? அவர் வைத்ததுதான் விலை. காப்புரிமையும் அப்படியொரு குத்தகைதான். கண்டுபிடித்தவனுக்கு உழைப்பின் பலன் கிடைக்க வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் குத்தகை எத்தனை காலத்துக்கு, எதற்கெல்லாம் என்பதுதான் கேள்வி.

சென்னை தந்த நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் மத்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டார் கையில் இருப்பதை அதில் எடுத்துக்காட்டினார். அதன் வழியில் வந்ததுதான் 1970-ம் ஆண்டுச் சட்டம். மருந்துக்குக் காப்புரிமை கிடையாது. தயாரிக்கும் முறைக்கு மட்டும் உண்டு. அதுவும் 7 ஆண்டுக்கு மேல் இல்லை. வேறு முறையில் அதே மருந்தை நம்மவர்கள் தயாரித்தார்கள். போட்டி வந்தது, விலை இறங்கியது.

வல்லரசுகள் இதைச் சகித்துக்கொள்ளுமா? 1994-ல் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் உலக வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனுள்ளே வந்ததுதான் 'டிரிப்ஸ்' என்னும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம். 1995-ல் அது நடைமுறைக்கு வந்தது. எல்லாத் துறைக்கும் 20 ஆண்டு காப்புரிமை. இந்தியா தனக்குக் கிடைத்த அவகாசத்தைப் பயன்படுத்தி, 2005-ல்தான் மருந்துக்கும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த இடைக்காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் மக்களை வாரிக்கொண்டு போனது. ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருந்து 10,000 டாலருக்கும் மேல். மலிவு மருந்துக்கு வழி செய்த தென்னாப்பிரிக்க அரசின் சட்டத்தை எதிர்த்து, 1998-ல் பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, அந்த மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளொன்றுக்கு ஒரு டாலர்கூட இல்லை! உலகமே காறித் துப்பிய பிறகு, ஏப்ரலில் அந்த நிறுவனங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. மக்களின் நலமே முதன்மை என்ற வகையில் ஒப்பந்தத்துக்குப் பொருள் கொள்ளலாம் என்று, அதே ஆண்டு நவம்பரில் தோஹா மாநாடு அறிவித்தது.

சகோதரர்களே, பூட்டு போட்டவர்கள் எல்லா வாசலையும் அடைத்துவிடவில்லை. நம் சட்டத்தில் மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல், 3(டி) பிரிவு. குத்தகை முடியும் நேரத்தில் கடைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, "இது புதுக்கடை, இன்னும் 20 ஆண்டு கொடு" என்றால் ஒப்புவீர்களா? பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை கேட்பதும் அதுவே. நோய் தீர்க்கும் திறன் கூடினால்தான் உண்டு என்கிறது இந்தப் பிரிவு. நோவார்ட்டிஸின் 'கிளிவெக்' என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. சட்டப் பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளியது. 2013 ஏப்ரல் முதல் தேதி, உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது.

இரண்டாவது வாசல், கட்டாய உரிமம். பேயர் நிறுவனம் ஒரு புற்றுநோய் மருந்தை மாதம் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. 2012-ல் ஐதராபாத்தின் நாட்கோவுக்கு உரிமம் தரப்பட்டது. விலை? 8,880 ரூபாய்! ஆனால் அதற்குப் பின் அந்த வாசலை நம் அரசு திறக்கவே இல்லை.

மூன்றாவது வாசல், ஆட்சேபணை. காப்புரிமை வழங்கப்படுமுன் யாரும் எதிர்த்து மனுச் செய்யலாம். மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே ஆகிய இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்தின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 'பெடாகுவிலின்' என்ற புதிய காசநோய் மருந்தின் ஏகபோகத்தை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் முயன்றபோது இவர்கள் ஆட்சேபித்தார்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பெரும்படையா திரட்டினார்கள்? சட்டம் அறிந்து, ஆதாரம் சேர்த்து, உரிய நேரத்தில் மனுப் போட்டார்கள்.

இன்று அந்த வாசலையும் குறுக்குகிறார்கள். ஆட்சேபணைக்குக் கட்டணம், எடுத்துக்கொள்வதா என்று முதலில் அதிகாரி பார்ப்பார். 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இவை. தடையற்ற வர்த்தகப் பேச்சுகளில் டிரிப்ஸுக்கும் மேலான நிபந்தனைகளை மேலைநாடுகள் கேட்கின்றன. எத்தனை பேர் இதைக் கவனித்தோம்?

இளைஞர்களே! மருந்தியலும் வேதியியலும் படியுங்கள். படித்தவர்கள் காப்புரிமைச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். வணிகர்களே! திருமணப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை எடுத்து, அப்படிப் படிக்கும் ஒரு மாணவனுக்குக் கட்டணம் கட்டுங்கள். அவன் எழுதும் ஒரு மனு, பெயர் தெரியாத ஆயிரம் வீடுகளுக்கு மருந்தாகப் போய்ச் சேரும்.