ஈரக் கையும் மின்சாரமும்



குளிர்காலம் வந்தால் குளிக்க வெந்நீர் வேண்டும். டில்லி, லக்னோ போன்ற ஊர்களில் குளிர் மிக அதிகம். அங்கே பல வீடுகளில் வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பியைப் போட்டுச் சூடாக்குகிறார்கள். வசதி உள்ளவர்கள் கீசர் வைத்திருக்கிறார்கள். விறகு வேண்டாம். புகையும் இல்லை. நல்லதுதான். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஒரே அறையில் சேர்கின்றன. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணி. குளியலறையில் ஓர் இரும்பு வாளி. அதில் ஹீட்டர் கம்பி கிடக்கிறது. பையன் பள்ளிக்குப் போக அவசரப்படுகிறான். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று பார்க்கத் தாய் விரலை விடுகிறாள். சுவிட்சை இன்னும் அணைக்கவில்லை. காலில் செருப்பு இல்லை. தரையெல்லாம் ஈரம்.

ஹீட்டர் கம்பியில் ஒரு சிறு விரிசல் இருந்தால் போதும். மின்சாரம் தண்ணீரில் இறங்கும். வாளியிலும் பரவும். அவள் கை வழியாக உடலில் பாயும். ஈரத் தரை வழியாக மண்ணுக்குப் போகும்.

"பியூஸ் இருக்கிறதே! ஷாக் அடித்தால் பியூஸ் போய்விடும். கரண்ட் நின்றுவிடும்." பலர் இப்படி நினைக்கிறார்கள். இது தவறு. உயிரைப் பறிக்கும் தவறு.

ஏன் என்று பார்ப்போம். நம் நாட்டில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். 2000 வாட் கீசர் ஓடும்போது சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். அதைத் தாங்கும் பியூஸைத்தான் போடுகிறார்கள். அதைவிட மிக அதிகமாகப் போனால்தான் பியூஸ் உருகும்.

மனித உடல் எவ்வளவு தாங்கும்? ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்குங்கள். அதில் ஒரு பங்குதான் ஒரு மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் இதயம் நின்றுவிடலாம். உடம்பு ஈரமாக இருந்தால் 200 மில்லி ஆம்பியர்கூடப் பாயலாம். பியூஸுக்கு அது கொசுக்கடி. மனிதனுக்கோ மரணம். பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. சுவிட்ச் இருந்தாலும் இதே கதைதான்.

பியூஸ் ஒயரைக் காக்கும். வீடு தீப்பிடிக்காமல் காக்கும். ஷாக்கிலிருந்து மனிதனைக் காக்காது. இதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் மனிதனைக் காப்பது எது? இரண்டு உண்டு.

முதலாவது எர்த். மூன்று முள் பிளக்கைப் பாருங்கள். ஒரு முள் மட்டும் நீளமாக, தடிப்பாக இருக்கும். அதுதான் எர்த் முள். கீசரின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால் எர்த் வழியே மண்ணுக்குப் போய்விடும். சிலர் அந்த முள்ளை உடைத்துவிடுகிறார்கள். சிலர் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டுகிறார்கள். சிலர் அதை நியூட்ரல் ஒயரோடு சேர்த்து முறுக்குகிறார்கள். மூன்றும் ஆபத்து.

இரண்டாவது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. மெயின் சுவிட்ச் அருகே இதைப் பொருத்துவார்கள். இது ஒரு காவல்காரன். வீட்டுக்குள் போகும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் இது ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் எங்கோ கசிவு என்று பொருள். உடனே கரண்டைத் துண்டிக்கும். ஒரு வினாடிகூட ஆகாது.

கீசர் வாங்கிய வீட்டில் ஓர் அம்மா கேட்டார்:

"இதற்கு வேறு தனிச் செலவா தம்பி? பியூஸ் போதாதா?"

ஒயர்மேன் சொன்னார்:

"போதாதும்மா. பியூஸ் ஒயருக்குக் காவல். இது உங்கள் பிள்ளைகளுக்குக் காவல்."

ஒயர்மேன் சொன்னது சரி. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிகளும் இத்தகைய கருவியைக் கேட்கின்றன. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் அளவு. கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவியை மாற்ற வேண்டும்.

இனி, குளியலறையில் கவனிக்க வேண்டியவை:

சுவிட்சும் பிளக்கும் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

ஹீட்டர் கம்பிக்கு இரும்பு வாளி வேண்டாம். கம்பியைத் தண்ணீரில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகே தண்ணீரைத் தொடுங்கள்.

ஹீட்டர் ஓடும்போது குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

கீசரையும் அணைத்துவிட்டுக் குளியுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பொருளையே வாங்குங்கள்.

குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? அதைச் சாதாரணமாக விடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் என்ன செய்வது? பதற்றத்தில் ஓடிப்போய் அவரைத் தொடக் கூடாது. தொட்டால் இருவர் உயிரும் போகும். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால், ஈரமில்லாத இடத்தில் நின்று, காய்ந்த மரக் கட்டையால் அவரை விலக்குங்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவருக்கு மூச்சு இல்லையென்றால் நடு மார்பில் இரண்டு கைகளையும் வைத்து வேகமாக, அழுத்தமாக அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்க வேண்டும். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். மெயின் சுவிட்ச் அருகே பாருங்கள். ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? பிளக்கில் எர்த் முள் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த வெந்நீருக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள்.