ஆயா தடவிய தேன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வகுப்பறை அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். நான் செய்த தவறு ஒன்றையே சொல்கிறேன்.

எங்கள் பள்ளி மலையடிவாரத்தில் இருக்கிறது. 3 ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி புறங்கையில் பிசுபிசுவென்று எதையோ தடவிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் சுடுகஞ்சி கொட்டிவிட்டதாம். “என்னம்மா இது?” என்றேன். “தேன் சார். ஆயா தடவுச்சு.” வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “இதெல்லாம் மூடநம்பிக்கை. ஈ மொய்க்கும், போய்க் கழுவிட்டு வா” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கழுவிவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்தாள். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் தேடிப் படித்தேன். அறிவியல் ஆசிரியர் நான். முன்பே படித்திருக்க வேண்டும். கி.மு. 1600 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியில் காயத்துக்குத் தேன் வைத்துக் கட்டும் முறை இருக்கிறது. பழையது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, சரி. ஆனால் 1991இல் சோலாப்பூர் மருத்துவர் சுப்ரமண்யம், தீக்காயம் பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குத் தேனும் மற்றவர்களுக்கு வழக்கமான சில்வர் சல்ஃபாடையசின் மருந்தும் வைத்து ஒப்பிட்டார். தேன் வைத்த காயங்கள் விரைவில் ஆறின. 2015இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், தோலின் முழு ஆழத்துக்கு இறங்காத தீக்காயங்கள் தேனால் சீக்கிரம் ஆறுவதாகச் சொன்னது. வேறு பலவகைக் காயங்களுக்குச் சான்று போதாது என்றும் அதே தொகுப்பு சொன்னது.

அவள் திரும்பி வந்த அன்று, நான் சொன்னது தவறு என்று வகுப்பின் முன்னாலேயே சொன்னேன். மறுநாள் ஒரு சின்னக் குப்பியில் கொசுத்தேன் கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிக் குழித்து, அதில் தேனை ஊற்றி வைத்தோம். மதிய உணவு முடிந்து வந்து பார்த்தால் தேன் தண்ணீராக இளகிக் கிடந்தது. தேனில் நீர் குறைவு. மீதி பெரும்பாலும் சர்க்கரை. கிழங்கிலிருந்து நீரை இழுத்ததுபோலவே கிருமியிடமிருந்தும் இழுத்துவிடும். நீல லிட்மஸ் தாள் சிவந்தது. அந்த அமிலத்தன்மையும் கிருமிக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது வேலையும் உண்டு. காயத்தின் ஈரத்தில் தேன் நீர்க்கும்போது, தேனீ அதில் சேர்த்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது. சவ்வூடு பரவல் பாடத்தை அதற்குமுன் அத்தனை கவனமாக எந்த வகுப்பும் கேட்டதில்லை.

இதைக் கேட்டுவிட்டு முதலுதவிப் பெட்டியில் தேன் பாட்டில் வாங்கி வைத்துவிடாதீர்கள். மருத்துவமனையில் வைக்கும் தேன் காமா கதிரால் கிருமி நீக்கம் செய்யப்பட்டது. கடைத் தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கலாம். நல்ல தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் இருக்கலாம். சூடு பட்டால் முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். ஆழமான காயம் என்றால் மருத்துவமனைதான். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஊசிக்கு அழைத்துப் போக வேண்டும்.

எனக்கு உறைத்ததும் அங்கேதான். தேன் தடவியதைச் சொன்னதற்கே சிரிப்பு கிடைத்தால், நாய் கடித்த இடத்தில் வீட்டில் சுண்ணாம்பு வைத்துவிட்டதை ஒரு பிள்ளை நம்மிடம் சொல்லுமா? சிரிக்க வைத்தது நான்.

பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்த ஆயா வந்திருந்தார். “எல்லாக் காயத்துக்கும் தேன்தானாம்மா?” என்று கேட்டேன். “அது எப்படி சார்? ஆணி குத்துனா ஊசி போடத்தான் கூட்டிட்டுப் போவேன். தேனு மேல்காயத்துக்கு.” நான் எழுதி வைத்திருந்த எச்சரிக்கைகளில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அன்று கழுவச் சொன்னது நான்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“தெரியும் சார், சொல்லுச்சு. சாயந்தரம் வந்ததும் மறுபடி தடவி விட்டேன்” என்று சிரித்தார்.