மைதானத்தில் சிந்தும் வியர்வைக்கும் கூலி உண்டு



ஓர் இலக்கிய அமைப்பின் நினைவுப் பேருரையில் விளையாட்டைப் பற்றி எதற்குப் பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். யாருடைய உடல் அசைந்தால் அதற்கு விளையாட்டு என்று பெயர், யாருடைய உடல் அசைந்தால் வேலை என்று பெயர், அந்தப் பெயரை வைப்பவர் யார் என்பதைத்தான் நாம் இன்று கேட்க வந்திருக்கிறோம்.

இதைத் திண்டுக்கல்லில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பூட்டும் தோலும் நூலும் இந்த ஊரின் பெயரை வெளியூருக்குக் கொண்டுபோயின. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத் தோலை இழுத்துப் போடுகிறவரின் தோள்வலுவை யாரும் திறமை என்று சொல்வதில்லை. நூல் மில்லில் அறுந்த இழையை ஒட்டுவதற்காக ஷிப்டு முழுக்க நடக்கும் பெண்பிள்ளை எத்தனை மைல் நடந்தாள் என்று யாரும் அளப்பதில்லை. அதே தோளும் அதே காலும் பொங்கல் கபடியில் இறங்கினால் ஊர் கைதட்டுகிறது. மறுநாள் விடிந்தால் பழைய கூலி, பழைய பெயர்.

தோலைத் தொடுகிறவர் தீட்டு. அந்தத் தோலால் செய்த கிரிக்கெட் பந்துக்கு மட்டும் தீட்டில்லை. இந்த வேடிக்கையைத் தன் வாழ்க்கையாலேயே காட்டியவர் பல்வங்கர் பாலு. தோல்வேலையைச் சாதித்தொழிலாகச் சுமத்தப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு மைதான வேலை பார்த்தார். பிட்ச்சுக்கு ரோலர் இழுப்பார், வலை கட்டுவார், துரைமார் பயிற்சி எடுக்க மணிக்கணக்காகப் பந்து வீசுவார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். மட்டை பிடிப்பது துரைக்கு விளையாட்டு, பந்து போடுவது பாலுவுக்கு வேலை. ஒரே வலைக்குள் 22 கஜ தூரத்தில் இரண்டு பெயர்கள்!

அந்த வேலையே அவரை இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளராக்கியது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். புனேயில் இந்து அணிக்கு அவருடைய பந்து தேவைப்பட்டது. ஆனால் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே கோப்பையில் தேநீர் குடிக்க, இவருக்கு வெளியே மண்குவளை. இந்து அணியின் கேப்டனாக அவரை ஒருபோதும் தேர்ந்தெடுக்கவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக பாலு அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பதும் வரலாறு. அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடில்லை. அவர் இழுத்த ரோலரை நாம் மறக்கவும் முடியாது.

இது பழைய கதை, இப்போது மாறிவிட்டது என்பார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்கு வாருங்கள். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஓடிய கால் அவருடையது; அந்த உடல் எது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை மட்டும் வேறு யாருக்கோ போனது. ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் ஓட்டம் கற்றுக்கொடுத்தார். பிறகு வருமானமின்றி நாள்கூலிக்கு அதே சூளை வேலைக்குப் போனார். 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. தோகாவுக்கும் அந்தப் பணிக்கும் இடையே 10 ஆண்டுகள். அவர் ஓடியதை நாடு உழைப்பாக எண்ணியிருந்தால் சூளைக்குத் திரும்பியிருக்க வேண்டியதில்லை. நாட்டுக்கு அது ஒருநாள் கொண்டாட்டமாகவே இருந்தது.

விளையாட வேண்டுமானால் முதலில் ஓய்வுநேரம் வேண்டும். தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது அண்ணல் கொண்டுவந்த தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம், 1946இல் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்தது. கூலிக்காரனுக்கும் ஒரு மாலைப்பொழுது சொந்தமானது இப்படித்தான். 2023 ஏப்ரலில் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகு மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அது நிலைத்திருந்தால் மில்லுக்குப் போகும் நம் தங்கை எந்த நேரத்தில் மைதானத்துக்குப் போவாள்?

இங்கே ஒரு மறுப்பு வரும். விளையாட்டையும் வேலை என்று சொல்லிவிட்டால் அதில் உள்ள சந்தோஷம் போய்விடாதா? நாமும் இதை யோசித்தோம். தெருமண்ணில் பிள்ளைகள் ஆடுவதற்குக் கணக்கு வேண்டாம். ஆனால் ஓர் உடலை வைத்து மாவட்டத்துக்குக் கோப்பையும் கல்லூரிக்கு விளம்பரமும் போட்டி நடத்துகிறவருக்கு வசூலும் வருகிறதென்றால், அந்த உடலுக்குரியவர் தொழிலாளிதான். மில்லில் விரல் போனால் இழப்பீடு கேட்கச் சட்டம் இருக்கிறது. கபடிக் களத்தில் முழங்கால் சவ்வு கிழிந்தவருக்கு என்ன இருக்கிறது? மேடையில் போர்த்திய துண்டு இருக்கிறது.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதன் வாசல்வரை போய்ச் சேர்வதற்கே சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் போட்டி, போட்டிக்கு பஸ் காசு, அதற்கு ஒருநாள் கூலியை விட வேண்டும். ஒதுக்கீடு தொடங்கும் இடத்துக்கு முன்பே நம் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்.

நம் பக்கமும் குறை இருக்கிறது. பனியனில் சாதிப்பெயர் எழுதிக்கொண்டு களத்தில் இறங்கும் ஊர்களைக் கண்டிக்கிறோம். நம் தெரு அணியில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மாணவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரில் ஒரு காலத்தில் நன்றாக ஆடி, இப்போது தோல் ஷாப்பிலோ மில்லிலோ பூக்காட்டிலோ இருப்பவர்களைத் தேடிப் போங்கள். எந்த வயதில், எந்தக் காயத்தால், எந்தக் கடனால் ஆட்டத்தை விட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் அடுத்த ஆண்டு இதே மேடையில் அதை வாசிப்போம். நம் இலக்கியத்தில் இன்னும் எழுதப்படாத உழைப்பின் வரலாறு அது. கோரிக்கை மனுவும் அதிலிருந்தே பிறக்கும்.

ஜெய் பீம்.